சுமையை இறக்கிவைத்துச் சொன்னது

1

மலாயாவில் நான் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தின் துரை ஒரு காலையில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். ஆஸ்பத்திரி என்றதும் என் ஊரான போடியிலிருந்து இதைப் படிப்பவர்கள் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். தகரக் கூரை, இரண்டு வரிசைக் கட்டில், ஒரு மருந்து அலமாரி, அப்புறம் நான். டாக்டர் எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் புண் கட்டுவது, மருந்து கலக்குவது, செத்தவர்களின் கண்ணை மூடிவிடுவது எல்லாம் டிரெசராகிய என் பொறுப்பு.

துரை கட்டில்களைப் பார்க்கவில்லை. என் மேசையைப் பார்த்தார். அதன்மேல் ஒரு புத்தகம் கிடந்தது. எடுத்துப் புரட்டினார். முகம் சிவந்தது.

"இது என்ன புஸ்தகம்? ஜெர்மன்காரன் எழுதினது?" என்றார். கூலிகளை விரட்டிப் பழகிய தோட்டத் தமிழ் அவருடையது.

ஐரோப்பாவில் பெரிய சண்டை ஓய்ந்து கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. ஜெர்மனி என்ற பெயரைக் கேட்டாலே துரைமார்களுக்கு நெற்றி நரம்பு புடைக்கும். "இங்கிலீஷில் மாற்றிப் போட்டது, துரை. எழுதினவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது" என்றேன்.

"செத்தவன் துப்பாக்கி தூக்க மாட்டான்" என்று சிரித்துவிட்டுப் புத்தகத்தை மேசையில் போட்டார். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். மேட்டுக்காட்டுக்கு ஆள் வேண்டும். என் ஊர்க்காரர்கள் மலை ஏறிப் பழகியவர்கள், காய்ச்சலைத் தாங்குவார்கள். நான் போடிக்குப் போய் ஒரு கூட்டத்தைக் கூட்டி வர வேண்டும்.

"இங்கே நல்லா இருக்குன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவான்."

அந்தக் கடைசி வார்த்தை உண்மை என்பதுதான் என்னைக் குத்தியது. சொந்த ஊர்க்காரன் சொன்னால் நம்புவார்கள். மேட்டுக்காடு என்பது, ரப்பர் வளர்ந்து நின்ற பழைய காட்டைப் போலல்லாமல், புதிதாக மரம் வெட்டித் திறந்த மலைச்சரிவு. வெயிலே படாமல் கிடந்த ஓடைகளெல்லாம் அங்கே திறந்து கிடந்தன, கொசு மண்டியது. என் கட்டில்களில் பாதிக்கு மேல் அங்கிருந்து இறங்கியவர்கள்தாம். துரை அன்றைக்கு அந்தக் கட்டில்களின் பக்கம் திரும்பாததற்குக் காரணம் இருந்தது.

மறுநாள் ஆபீசிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டும் குடையும் வந்து சேர்ந்தன. ஆள் கட்டப் போகிறவன் கந்தலோடு போனால் யார் நம்புவார்கள்?

2

அந்தப் புத்தகத்தை எனக்குக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணியார். தோட்டத்துக் கணக்கெல்லாம் அவர் கையில். சாயங்காலங்களில் பொழுதுபோகாமல் என்னை உட்காரவைத்து வாசித்துக் காட்டுவார். எனக்குப் பத்தில் ஒன்பது பங்கு விளங்கவில்லை. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அது எங்கே தொடங்கியது என்பது மறந்துபோகும். கிராணியாருக்கும் அதே கதிதான் என்பது என் சந்தேகம். ஆனால் விளங்கிய ஒரு பங்கு என்னை விடவில்லை.

அதை எழுதிய ஜெர்மனி ஞானி பிறந்த ஊரைவிட்டுத் தூரமாய் எங்கும் போனவரில்லையாம். தினமும் ஒரே நேரத்துக்கு உலாவப் போவாராம், தெருக்காரர்கள் அவரைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பிவைப்பார்களாம். கடல் தாண்டி வந்த நான், தெரு தாண்டாத ஒருவரிடம் பாடம் கேட்க வேண்டியிருந்தது என்பதில் எனக்கே சிரிப்பு.

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன், படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு காரியத்தைச் செய்யுமுன், இதையே எல்லாரும் செய்யலாம் என்று உன்னால் விதி வகுக்க முடியுமா என்று பார். முடியாதென்றால் செய்யாதே. எல்லாரும் பொய் சொல்லலாம் என்று வைத்தால் எவன் பேச்சை எவன் கேட்பான்? அப்போது பொய்க்கே வேலை இல்லாமல் போய்விடும். பொய்யன் மற்றவர்களின் நாணயத்தைத் தின்றுதான் பிழைக்கிறான்.

இது ஒன்று. இன்னொன்று இதைவிடப் பெரிது. மனிதனை வெறும் கருவியாக நடத்தாதே என்கிறார். வேலை வாங்கலாம், அதில் குற்றமில்லை. நானும் துரைக்கு வேலை செய்கிறேன், துரையும் யாருக்கோ செய்கிறார். ஆனால் மண்வெட்டியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. மனிதனிடம் கேட்க வேண்டும். உள்ளதை மறைத்துவிட்டுக் கேட்டால், கேட்டதாகவே ஆகாது. அவன் தலை ஆடியதே தவிர அவன் ஆட்டவில்லை.

இதை வாசித்த இரவு நான் தூங்கியிருந்தால் என் குடும்பத்துக்கு நல்லதாக இருந்திருக்கும்.

3

இவ்வளவும் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. எங்கேயோ கேட்ட பேச்சாக இருந்தது. யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டது. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் மலைப்பாதையில் இதே சட்டந்தான் நடந்தது.

ஊர் நினைப்பில் உருகும் ஆசாமி நான் அல்ல. அடிவாரத்து முந்தலிலிருந்து உச்சியில் போடிமெட்டு வரை தலையில் அரிசி மூட்டை சுமந்து ஏறியவன் அந்த மலையை நினைத்து உருகமாட்டான், கழுத்தைத் தடவிக்கொள்வான். இங்கே சொல்ல வந்தது அந்தப் பாதையின் வழக்கம் ஒன்றை மட்டுமே.

கீழிருந்து ஏறுகிறவர்கள், மேலிருந்து இறங்குகிறவனைக் கண்டால் நின்று கேட்பார்கள்: "மேல எப்படிண்ணே?"

யானை எந்த வளைவில் நிற்கிறது, எந்த ஓடையில் பாலம் போயிற்று, எந்தத் தோட்டத்தில் காய்ச்சல் என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். கேட்கப்பட்டவன் சுமையைத் தலையிலிருந்து இறக்க வேண்டும். அதற்கென்றே அங்கங்கே சுமைதாங்கிக் கல் நட்டிருக்கும். இறக்கிவைத்துவிட்டுத்தான் பதில். சுமையோடு நின்றுகொண்டு சொல்வதை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அது கழுத்துவலியில் சொல்வது, போகிற அவசரத்தில் சொல்வது. இறக்கிவைத்துவிட்டுச் சொன்னது மட்டுமே சொல்.

இறக்கிவைத்துப் பொய் சொன்னவனை நான் அறியேன். முதலாளியின் ஆளாக இருந்தாலும் சரி, தன் முதலாளியின் தோட்டத்தில் காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்றே சொல்வான். இன்றைக்கு இறங்குகிறவன் நாளைக்கு ஏறுகிறவன். ஒருவன் புரட்டினால் அப்புறம் அந்தப் பாதையில் எவனுக்கும் காது கிடையாது. ஜெர்மனி ஞானி எத்தனையோ பக்கம் எழுதி நிறுவியதை எங்கள் பாதை ஒரு கல்லை நட்டு முடித்துவிட்டது. இப்படிச் சொல்வதால் எங்கள் ஊரே ஞானிகளின் ஊர் என்று பீற்றிக்கொள்ளவில்லை. பாதையை விட்டு இறங்கிப் போடிச் சந்தைக்குள் வந்ததும் எல்லாரும் தாராளமாகப் பொய் சொல்வோம்.

4

என் மனைவி வெள்ளையம்மாவிடம் இதை விளக்கப் போனது என் தப்பு.

"அந்த ஜெர்மனிக்காரருக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்று அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவளுக்கு நான் ஊருக்குப் போவதில் சந்தோஷம். அங்கே அவளுடைய தம்பி சடையாண்டி இருக்கிறான். மழை பொய்த்து அவன் நிலம் காய்ந்து கிடந்தது. அவனைக் கூட்டிவந்துவிட வேண்டும் என்பது அவள் பல வருஷத்து ஆசை. எங்களுக்கு ஒரே பெண், பேச்சி. இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் சமைந்துவிடுவாள். தாய்மாமன் வந்து சீர் செய்யாமல் அந்தச் சடங்கு எப்படி நடக்கும்? தோட்டத்து லயத்தில், இந்தக் கூலி வீட்டு வரிசையில், யாரைப் பிடித்து மாமன் என்று நிறுத்துவது?

"அவன் வந்தால் மேட்டுக்காட்டில்தான் போடுவார்கள்" என்றேன்.

"நீங்க டிரெசர்தானே? நீங்க சொன்னா மாத்திப் போட மாட்டாகளா?"

"ஆள் வேண்டும் என்று கேட்பதே அதற்குத்தான்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இங்க பாருங்க. அங்கிட்டு இருந்தா பட்டினி. இங்கிட்டு வந்தா காய்ச்சல். காய்ச்சலுக்காவது உங்ககிட்ட கொய்னா இருக்கு. பட்டினிக்கு உங்க புஸ்தகத்துல மருந்து இருக்கா? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிரும்? எந் தம்பி எங் கண்ணு முன்னால இருப்பான்ல."

இப்போதும் அவள் கேட்டதற்கு முழுப் பதில் என்னிடம் கிடையாது. அந்த ஞானியிடமும் இதுபோல் யாரோ கேட்டிருக்கிறார்கள், நன்மைக்காகக்கூடப் பொய் கூடாதென்று அவர் அடித்துச் சொன்னாராம். நான் அவ்வளவு கடினமானவன் இல்லை. சாகக் கிடக்கிறவனிடம் பிழைத்துவிடுவாய் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அவனுக்குப் போக வேறு வழி இல்லை. சடையாண்டிக்கு இரண்டு வழி இருந்தது. எந்த வழி என்று அவன்தான் பார்க்க வேண்டும், அவனுக்காக நான் கண்ணைக் கட்டிவிடக் கூடாது.

பேச்சி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். மலாய்க்காரப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். காய்ச்சலை டெமாம் என்பாள், சாப்பிடுவதை மாக்கான் என்பாள். மலைப்பாதையையும் சுமைதாங்கியையும் நான் அவளுக்குக் கதையாகச் சொன்னபோது பாதியில் எழுந்துவிட்டாள். "தலைச்சுமைய இறக்கி ஏத்துறது சோம்பேறித்தனம்ப்பா" என்று தீர்ப்பு வேறு. போடி அவளுக்கு நான் சொல்லும் கதையில் வருகிற ஊர், அவ்வளவுதான். அதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் யார்மேல் கோபப்படுவது? கப்பலில் ஏறியவன் நான்.

5

ஆள் கட்டும் லைசென்சு வாங்க ஆபீசுக்குப் போனேன். பிறந்த ஊர் என்ற இடத்தில் போடிநாயக்கனூர் என்று எழுத இடம் பற்றவில்லை. குமாஸ்தா பாதியோடு நிறுத்திவிட்டு, இது போதும் என்றார். அடுத்த ஜன்னலில் இருந்தவர் அந்தப் பாதியையும் அடித்து மதுரை என்று போட்டார். கப்பலில் வேறொருவர் மதராஸ் என்று எழுதினார். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் இமயமலையில் பிறந்தவன் ஆகியிருப்பேன்.

நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலில் அம்மையநாயக்கனூர் வந்து, மாட்டுவண்டியில் தேனி வழியாகப் போடி போய்ச் சேர்ந்தேன். கோட்டும் குடையும் அவற்றின் வேலையைச் செவ்வனே செய்தன. முன்பு என்னை டேய் என்று கூப்பிட்டவர்கள் வாங்க என்றார்கள். சடையாண்டி ஊரில் இல்லை. ஏலக்காய் எடுப்புக்கு மேலே போகக் கிளம்பி முந்தலில் நிற்கிறான் என்றார்கள். அங்கேயே போனேன்.

மலையடிவாரத்துச் சுமைதாங்கிக் கல்லைச் சுற்றி ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் இருந்தது. மலையேறப் போகிறவர்கள். என்னைப் பார்த்ததும் சடையாண்டி ஓடிவந்து காலைத் தொட்டான். மெலிந்திருந்தான். அவன் அக்காளின் மூக்கு அப்படியே அவன் முகத்தில் இருந்தது. நான் வந்த காரணம் எனக்கு முன்பே அங்கு வந்து சேர்ந்திருந்தது. கூட்டம் நெருங்கியது. ஒரு பெண் இடுப்புப் பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டு என் கோட்டையே பார்த்தாள்.

சடையாண்டி சிரித்துக்கொண்டு கேட்டான்: "மேல எப்படி மச்சான்?"

கூட்டம் சிரித்தது. மலாயாவை அவர்கள் இன்னொரு மலையாக்கிவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. நல்லா இருக்கு மாப்ளே என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. வெள்ளையம்மாவின் குரலில் வந்தது. அதைச் சொல்லிவிட்டால் அவனோடு திரும்பலாம், அவள் வாசலில் நின்று அழுது சிரிப்பாள். தோட்டத்தில் என் வேலையும் நிலைக்கும். உண்மையாகவே ஆசையாக இருந்தது.

குடையைச் சுமைதாங்கிமேல் வைத்தேன். அது போதவில்லை. கோட்டைக் கழற்றி மடித்து அதன்மேல் வைத்தேன்.

சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தப் பாதையில் நடந்தவர்களுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அரிசி ஒழுங்காக் குடுக்கிறாக. கூலி வந்துரும். பழைய காட்டுல வேலை கஷ்டந்தான், ஆனா பொழச்சுக்கிறலாம்" என்றேன். என் பேச்சும் பழையபடி மாறிவிட்டது. "உங்களைக் கூப்பிடுறது பழைய காட்டுக்கு இல்ல. மேட்டுக்காட்டுக்கு. அங்க காய்ச்சல். நம்ம ஏலமலைக் காய்ச்சலை விடப் பொல்லாதது. போனவுக பாதிப் பேரு என் கட்டிலுக்குத்தான் வர்றாக. கொய்னா இருக்கு, எல்லாருக்கும் பத்தாது. எத்தனையோ பேரு கண்ணை நாந்தான் மூடிவிட்டேன். இதுக்கு மேல வாறதும் வராததும் உங்க இஷ்டம்."

ஒரு பெரியவர் வெடித்தார். "அப்ப எதுக்குய்யா கப்பலேறி வந்தீரு? நல்லா இருக்குன்னு வேற எவனாச்சும் சொல்லியிருந்தா நம்பிப் போயிருப்போம்ல! ஆசையக் காட்டி அடிவயித்துல அடிக்கிறீரே!"

அவர் திட்டியதில் நியாயம் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

பிள்ளை வைத்திருந்த பெண் தன் புருஷனிடம் ஏதோ சொன்னாள். அவன் முன்னால் வந்து, "பழைய காட்டுல வேலைன்னா நாங்க வாரோம்ணே. மேட்டுக்காடுன்னா வரல" என்றான். அவர்களோடு இன்னும் சிலர் சேர்ந்தார்கள். அந்தப் பேச்சைத் துரை கேட்பாரா என்று எனக்குத் தெரியாது, கேட்டுப் பார்க்கிறேன் என்று அதையும் மறைக்காமல் சொன்னேன்.

சடையாண்டி கோட்டை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தான். "நமக்குத் தெரிஞ்ச காய்ச்சலு மேல இருக்கு மச்சான். தெரியாத காய்ச்சலுக்கு எதுக்குக் கப்பலேறணும்?" என்றான். பிறகு குனிந்து மூட்டைக் கயிற்றை இறுக்கினான். "அக்காகிட்ட சொல்லுங்க. கூலியா வர மாட்டேன். புள்ள சமைஞ்சா ஒரு தந்தி அடிங்க. நெலத்த வித்தாவது தாய்மாமனா வர்றேன்."

மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவன் மேலே போனான். வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதேன், அதற்கென்ன.

6

கப்பலேறும் இடத்தில் ஓர் அதிகாரி எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, உன் இஷ்டத்தோடு போகிறாயா என்று கேட்பார். ஆமாம் என்று சொல்ல வேண்டும், ஆள் கட்டியவன் பக்கத்திலேயே நிற்பான். ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நடக்கும். எங்கள் ஆள், அந்தப் பெண்ணின் புருஷன், வேறு மாதிரி சொன்னான். "பழைய காட்டுக்குன்னா இஷ்டம்."

அதிகாரி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்குந்தான் அவரிடம் இடம் இருந்தது. கடைசியில் ஆமாம் என்றே எழுதிக்கொண்டார். ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அது தலையாட்டல் இல்லை.

துரை குதித்தார். "கூலி என்கிட்ட கண்டிஷன் பேசுறான்? நீ சொல்லிக் குடுத்த?" என்றார். அந்தச் சிலரைப் பழைய காட்டிலேயே போட்டார். ஆள் பஞ்சத்தில் அவருக்கும் வேறு வழி இல்லை. வெளியே போகச் சொன்னது என்னைத்தான். மருந்து அலமாரிச் சாவியைக் கையில் கொடுத்தேன். புத்தகத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளையம்மாவிடம் சடையாண்டி சொன்னதைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பி வெகுநேரம் அழுதாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "தாய்மாமனா வர்றேன்னு சொன்னானா?" என்று இன்னொரு முறை கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப அவன் வந்தா தங்கிக்கிற மாதிரி ஒரு வீடு பாருங்க" என்றாள். அவ்வளவுதான். பாத்திரங்களைக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. தோட்டத்தை விட்டுக் கிளம்பிய காலையில், வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது வேறொரு கங்காணி கட்டிவந்த புதுக்கூட்டம் வந்து குழாயடியில் நின்றது. கப்பல் அசதி இன்னும் அவர்கள் முகத்தில் இருந்தது. பேச்சி எங்கள் கடைசிக் குடத்தை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

கூட்டத்தில் ஒரு கிழவி அவளைக் கேட்டாள்: "ஆத்தா, எங்களை மேட்டுக்காடுங்கிறாகளே, அங்கன எப்படி?"

"நல்ல எடந்தான், நடங்க நடங்க" என்றான் கங்காணி.

பேச்சி நின்றாள். குடத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் இறக்கினாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்க டெமாம் பாட்டி. ஆளுங்க செத்துப் போறாங்க. பழைய காடு கேளுங்க, எல்லாரும் சேர்ந்து கேளுங்க" என்றாள்.

கங்காணி அதட்டினான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராகக் கேள்வி கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். வெள்ளையம்மா வண்டியிலிருந்து இறங்கிப் போய் அந்தக் குடத்துத் தண்ணீரைக் கிழவிக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

நேரமாகிறது என்று வண்டிக்காரன் சத்தம் போட்டான். அவள் சொல்லி முடிக்கட்டும் என்றேன்.